ஓடாத பைக்கை ஊர் சேர்ப்பது எப்படி? கயிறு, குட்டி யானை, ரயில்... எதில் போனாலும் கேட்க வேண்டிய 3 கேள்விகள்

2025 அக்டோபர் 24, அதிகாலை சுமார் 3 மணி. ஹைதராபாத்தில் இருந்து பெங்களூரு போய்க்கொண்டிருந்த தனியார் ஸ்லீப்பர் பஸ், ஆந்திராவின் கர்னூல் அருகே தீப்பிடித்து எரிந்தது. பஸ்சில் இருந்த பயணிகளில் 19 பேர் இறந்தனர். தீக்குக் காரணம், ரோட்டில் விழுந்து கிடந்த ஒரு பைக். சற்று முன்புதான் அது சறுக்கி விழுந்திருந்தது. ஓட்டியவர் அங்கேயே இறந்துவிட்டார். வண்டியை ரோட்டில் இருந்து அகற்றுவதற்குள் பஸ் வந்து மோதியது. அடியில் சிக்கிய பைக்கை பஸ் இழுத்துக்கொண்டே போக, ஒரு பக்கம் உரசலில் கிளம்பிய தீப்பொறி, இன்னொரு பக்கம் டேங்கில் இருந்து கொட்டிய பெட்ரோல்.

விபத்து நடந்தது தேசிய நெடுஞ்சாலை 44-ல். திண்டுக்கல்லில் இருந்து வந்து, மதுரையின் மேற்கு ஓரமாகப் போய், திருமங்கலம், விருதுநகர் வழியாகக் கன்னியாகுமரி வரை நீளும் அதே ரோடுதான் இது.

ஓடுகிற வண்டிக்கு ஹெல்மெட், லைசென்ஸ், ஸ்பீடு லிமிட் என்று விதிகள் எல்லோருக்கும் தெரியும். ஓடாமல் நின்றுவிட்ட வண்டியை எப்படி நகர்த்துவது என்பதை யாரும் சொல்லித்தருவதில்லை. "பக்கத்துலதான மெக்கானிக் ஷாப், தள்ளிட்டு போயிடலாம்" என்பதில் தொடங்கி, வேலை கிடைத்து சென்னைக்கோ பெங்களூருவுக்கோ வண்டியை ரயிலில் அனுப்புவது வரை எல்லாமே கேள்விப்பட்டதை வைத்துத்தான் நடக்கிறது.

எந்த வழியில் நகர்த்தினாலும் மூன்று கேள்விகள் போதும். பெட்ரோல் எங்கே இருக்கிறது? வண்டியை எது பிடித்திருக்கிறது? ஏதாவது ஆனால் யார் பொறுப்பு? ஒவ்வொரு வழியையும் இந்த மூன்றை வைத்தே பார்க்கலாம்.

வண்டி நின்னுடுச்சு... முதல் ஐந்து நிமிடம்

ரிங் ரோட்டிலோ நான்கு வழிச்சாலையிலோ செயின் அறுந்தால், பஞ்சர் ஆனால், அந்த இடத்திலேயே குனிந்து பார்க்கத் தோன்றும். அதுதான் முதல் தவறு. வண்டியை நியூட்ரலுக்குக் கொண்டுவந்து, ரோட்டின் இடது விளிம்பைத் தாண்டி மண் தரைக்கு இறக்கிவிட்டுத்தான் மற்றதெல்லாம். தள்ளும்போது வண்டிக்கு இடது பக்கம் நின்று தள்ள வேண்டும். அப்போது போக்குவரத்துக்கும் தள்ளுபவருக்கும் நடுவே வண்டி இருக்கும். வலது கை முன் பிரேக்கை எட்டும்.

இரவு என்றால் பேட்டரி இருக்கும் வரை இண்டிகேட்டர் எரியட்டும். வண்டி நின்ற பிறகு அதன் பின்னால் நின்று போன் பேசக்கூடாது. பக்கவாட்டில், முடிந்தால் தடுப்புக் கம்பிக்கு அந்தப் பக்கம் நிற்பது நல்லது. பின்னால் வருபவர் மோதினாலும் வண்டியோடு போகும்.

தேசிய நெடுஞ்சாலையில் உதவிக்கு 1033 என்ற எண் 24 மணி நேரமும் இயங்குகிறது. "நாமதான் டோல் கட்டலையே, நமக்கு வருவாங்களா?" என்று சிலர் தயங்குகிறார்கள். டோல் கட்டணத்தில் இருந்து டூவீலருக்கு விலக்கு உண்டு. அதனால் உதவி கேட்கும் உரிமை போய்விடாது. கப்பலூர், சிட்டம்பட்டி, எலியார்பத்தி என்று மதுரையைச் சுற்றியுள்ள டோல்கேட் பக்கம் சிக்கினாலும் கூப்பிடலாம். காயம் இருந்தால் 108.

நகருக்குள் நிலைமை வேறு. 2023 ஏப்ரலில் திறக்கப்பட்ட நத்தம் ரோடு பறக்கும் பாலத்தின் நீளம் 7.3 கிலோமீட்டர். நடுவில் வண்டி நின்றால் ஓரம் கட்ட மண் தரை கிடையாது. கைப்பிடிச் சுவரை ஒட்டி நிறுத்தி, இண்டிகேட்டர் போட்டு, உதவி வந்த பிறகு நகர்த்துவதுதான் வழி. அங்கேதான் அடுத்த பிரச்சினையே ஆரம்பிக்கிறது. உதவி என்று வருகிறவர் பெரும்பாலும் இன்னொரு பைக்கில் வருகிறார்.

"காலை வச்சு தள்ளிடுறேன்ணே"

பேச்சில் 'டோ பண்றது' என்போம். ஆனால் பல நேரம் அங்கே கயிறே இருக்காது. பின்னால் வரும் பைக்காரர், நின்றுபோன வண்டியின் பின் ஃபுட்ரெஸ்ட்டில் ஒரு காலை வைத்துத் தள்ளிக்கொண்டே வருவார். மதுரையில் தினமும் பார்க்கிற காட்சிதான். இதில் என்ன ஆபத்து?

தள்ளுபவர் நீட்டுவது இடது கால் என்றால், அது கியர் மாற்ற வேண்டிய கால். வேகம் குறைத்து கியரை இறக்க வேண்டிய நேரத்தில் அந்தக் கால் இன்னொரு வண்டியில் இருக்கும். அதோடு அவர் ரோட்டின் உள்பக்கமாக, பஸ்ஸும் லாரியும் வரும் பக்கமாக ஓட்ட வேண்டிவரும். வலது காலை நீட்டினால் பின் பிரேக் போச்சு. எந்தக் காலை நீட்டினாலும் ஏதோ ஒரு கட்டுப்பாட்டைக் கைவிட்டுத்தான் ஆக வேண்டும்.

தள்ளப்படும் வண்டியில் இருப்பவருக்கும் சிக்கல் உண்டு. தள்ளும் விசை வண்டியின் நடுவில் விழுவதில்லை, ஒரு ஓரத்தில் விழுகிறது. வண்டி ஒரு பக்கமாகத் திரும்பப் பார்க்கும், அதை ஹேண்டிலால் சரிக்கட்டிக்கொண்டே வர வேண்டும். முன்னால் ஒருவர் திடீரென்று குறுக்கே வந்தால் இவர் பிரேக் பிடிப்பார், பின்னால் தள்ளுபவருக்கு அது அரை நொடி கழித்துத்தான் தெரியும். அந்த அரை நொடியில் இரண்டு வண்டியும் சேர்ந்து விழும்.

கயிறு கட்டினால்?

கயிறு இன்னும் மோசம். கார் நான்கு சக்கரத்தில் நிற்கும், இழுத்தால் வரும். பைக் நிற்பது ஓட்டுபவரின் பேலன்ஸில். கயிற்றை ஹேண்டில்பாரின் ஒரு முனையில் கட்டினால், ஒவ்வொரு இழுப்பும் ஹேண்டிலை அந்தப் பக்கம் திருப்பும். முன்வண்டி வேகம் குறைத்தால் கயிறு தொய்ந்து தரையைத் தொடும். தொய்ந்த கயிறு முன்சக்கரத்தில் சுற்றினால் சக்கரம் அப்படியே லாக் ஆகும். முன்சக்கரம் லாக் ஆன பைக்கை எவ்வளவு அனுபவம் இருந்தாலும் நிறுத்திவைக்க முடியாது.

இழுத்துப்போவதில் வண்டிக்கும் கேடு இருக்கிறது. பல பைக்குகளில் கியர் பாக்ஸுக்கு ஆயில் போய்ச் சேருவது எஞ்சின் ஓடினால்தான். எஞ்சின் ஓடாமல் பின்சக்கரம் மட்டும் நீண்ட தூரம் சுற்றினால், உள்ளே சில பாகங்கள் காய்ந்தபடியே சுழலும்.

சட்டம் இதை எப்படிப் பார்க்கிறது? 1989-ன் சாலை விதிகள் இழுத்துச்செல்வதற்குத் தெளிவான அளவுகோல் வைத்தன. பழுதான வண்டியை அருகில் உள்ள பட்டறை அல்லது பெட்ரோல் பங்க் வரைதான் இழுக்கலாம். இழுக்கப்படும் வண்டியின் ஸ்டியரிங்கில் லைசென்ஸ் உள்ளவர் இருக்க வேண்டும், அல்லது முன்சக்கரத்தைத் தரையில் இருந்து தூக்கிப் பிடித்திருக்க வேண்டும். இரண்டு வண்டிக்கும் இடையே 5 மீட்டருக்கு மேல் இடைவெளி கூடாது. வேகம் மணிக்கு 24 கிலோமீட்டரைத் தாண்டக்கூடாது. பின்னால் வருபவருக்குத் தெரியும்படி 'இழுத்துச்செல்லப்படும் வண்டி' என்ற பலகை இருக்க வேண்டும். 2017-ல் இந்த விதிகளின் இடத்தில் மோட்டார் வாகன ஓட்டுதல் ஒழுங்குமுறைகள் வந்தன.

பழைய அளவுகோலையே எடுத்துக்கொள்ளலாம். மணிக்கு 24 கிலோமீட்டர் என்பது சைக்கிளை வேகமாக மிதிப்பவரின் வேகம். நான்கு வழிச்சாலையில் அந்த வேகத்தில் இரண்டு பைக் கயிற்றில் போவது எவ்வளவு ஆபத்து என்பதைத் தனியாக விளக்க வேண்டியதில்லை. தெருவுக்குள் 200 மீட்டர் என்றால் இறங்கி நடந்து தள்ளலாம். அதற்கு மேல் என்றால் வண்டியை இன்னொரு வண்டியில் ஏற்றுவதுதான் சரி.

குட்டி யானை வந்தாச்சு. எப்படி ஏற்றுவது?

ஊரில் எல்லோருக்கும் தெரிந்த பதில், குட்டி யானை. டாடா ஏஸ், லோடு ஆட்டோ, பிக்கப் எதுவாக இருந்தாலும் முறை ஒன்றுதான்.

முதலில் ஏற்றுவது. நாலு பேர் சேர்ந்து சைலன்சரையும் மட்கார்டையும் பிடித்துத் தூக்குவதுதான் வழக்கம். சைலன்சர் சுடும், மட்கார்டு உடையும். நல்ல அகலமான பலகை ஒன்று இருந்தால் இரண்டு பேர் போதும். ஒருவர் ஹேண்டிலையும் முன் பிரேக்கையும் பிடித்துக்கொள்ள, இன்னொருவர் பின்னால் இருந்து தள்ள வேண்டும். பலகையின் மேல்முனை வழுக்காதபடி வண்டியின் தட்டோடு கட்டியிருக்க வேண்டும். எஞ்சினை ஓடவிட்டு, கிளட்ச் விட்டு ஏற்றுவது வேண்டவே வேண்டாம்.

அடுத்தது கட்டுவது. இங்கேதான் பெரும்பாலான சேதம் நடக்கிறது. சைடு ஸ்டாண்டு போட்டு, ஒரு நைலான் கயிற்றை சீட்டுக்கு மேல் குறுக்கே போட்டு இறுக்கிவிட்டால் வேலை முடிந்தது என்று நினைப்பார்கள். ஆனால் வேகத்தடையில் ஏறி இறங்கும்போது பைக்கின் சஸ்பென்ஷன் அமுங்கி எழும். அமுங்கும் நொடியில் கயிறு தொய்யும், எழும்போது வெடுக்கென்று இழுக்கும். பத்துத் தடவை இப்படி நடந்தால் முடிச்சு தளர்ந்துவிடும். வண்டியின் முழு எடையும் ஆடி ஆடி சைடு ஸ்டாண்டு மேல் விழ, ஸ்டாண்டு வளையும்.

சரியான முறைக்குத் தேவை நான்கு ராட்செட் பெல்ட். கட்டும் வரிசை இதுதான்:

• முன்சக்கரம் தட்டின் முன்சுவரில் முட்டும்படி நேராக நிறுத்த வேண்டும். முதல் கியரில் போட வேண்டும், நியூட்ரலில் விடக்கூடாது.

• ஹேண்டில்பாருக்குக் கீழே, ஃபோர்க் சேரும் கெட்டியான இடத்தில் இருந்து இரண்டு பெல்ட், இடமும் வலமுமாக முன்னோக்கிச் சாய்வாகப் போக வேண்டும்.

• இரண்டையும் மாற்றி மாற்றி இறுக்கி, முன் சஸ்பென்ஷன் பாதி அளவுக்கு அமுங்கும்படி செய்ய வேண்டும். அப்போதுதான் குழியில் இறங்கினாலும் பெல்ட் தொய்யாது.

• பின்னால் ஃப்ரேமில் இருந்தோ, பில்லியன் ஃபுட்ரெஸ்ட்டைத் தாங்கும் பகுதியில் இருந்தோ இன்னும் இரண்டு பெல்ட்.

• கண்ணாடி, லீவர், இண்டிகேட்டர், சைலன்சர், ஹேண்டில் முனை... இவற்றில் எதையும் கட்டக்கூடாது. பெல்ட் உரசும் இடத்தில் பழைய துணி வைத்தால் பெயின்ட் தப்பும்.

கட்டி முடித்ததும் பைக்கைப் பிடித்து ஆட்டிப் பார்க்க வேண்டும். பைக் ஆடும்போது தட்டும் சேர்ந்து ஆடினால் கட்டு சரி. பைக் மட்டும் ஆடினால் மறுபடி இறுக்க வேண்டும். கிளம்பிப் பத்து கிலோமீட்டரில் ஒருமுறை நிறுத்திப் பார்ப்பது அவசியம். பெல்ட் இல்லாமல் கயிறுதான் கிடைத்தது என்றாலும், கட்டும் இடங்களும் நான்கு பக்க இழுப்பும் இதேதான்.

பின்னால நின்னு பிடிச்சுக்கிட்டு வரலாமா?

"நீங்க பின்னால நின்னு பிடிச்சுக்கங்க, மெதுவா போறேன்" என்று டிரைவர் சொல்வார். சரி என்று ஏறி நிற்பதும் நடக்கிறது. இது உயிருக்கும் ஆபத்து, இழப்பீட்டுக்கும் ஆபத்து.

சரக்கு வாகனத்தின் இன்சூரன்ஸில், சரக்கின் உரிமையாளருக்கோ அவரது பிரதிநிதிக்கோ பாதுகாப்பு உண்டு. 1994-ல் மோட்டார் வாகனச் சட்டத்தில் செய்த திருத்தம் அதைச் சேர்த்தது. ஆனால் அந்தப் பாதுகாப்பு டிரைவரின் கேபினில் அமர்ந்து வருபவருக்குத்தான் என்பதை 2007-ல் வந்த ஒரு தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. பின்தட்டில் பைக்கைப் பிடித்தபடி நிற்பவர் வேகத்தடையில் தூக்கி எறியப்பட்டால், இன்சூரன்ஸ் நிறுவனம் கையை விரிக்க வாய்ப்பு அதிகம்.

அதோடு 120 கிலோ எடை சரியத் தொடங்கினால் ஒரு ஆளால் தாங்க முடியாது. ஆள் பிடித்துக்கொள்ள வேண்டிய நிலை வந்தாலே, வண்டி சரியாகக் கட்டப்படவில்லை என்று அர்த்தம்.

ரயிலில் அனுப்புவது: டேங்க் ஏன் காலியாக இருக்கணும்?

தூரம் கூடும்போது ரயில்தான் பலரின் தேர்வு. மதுரை ஜங்ஷனில் இருந்து பைக் அனுப்ப இரண்டு வழி உண்டு. அதே ரயிலில் பயணிக்க டிக்கெட் இருந்தால் 'லக்கேஜ்' ஆக அனுப்பலாம். டிக்கெட் இல்லையென்றால் 'பார்சல்'. லக்கேஜுக்குக் கட்டணம் கூட. பார்சல் மலிவு, ஆனால் இடம் இருக்கும் ரயிலில்தான் ஏறும்.

ஆர்.சி. நகல், அடையாள அட்டை நகல் இரண்டும் கட்டாயம். முந்தைய நாளே போய்விடுவது நல்லது. மதுரையிலேயே புறப்படும் ரயிலாக இருந்தால் ஏற்றுவதற்கு நேரம் கிடைக்கும். வழியில் ஓரிரு நிமிடம் மட்டும் நிற்கும் ஸ்டேஷன்களில் பைக்கை ஏற்றி இறக்க முடியாது. 2024 ஆகஸ்ட் 31 முதல் ஓடும் மதுரை-பெங்களூரு வந்தே பாரத்தில் டிக்கெட் போட்டுவிட்டு, "பைக்கும் அதுலயே வந்துடும்" என்று நினைத்தால் ஏமாற்றம்தான். வந்தே பாரத் ரயிலில் பார்சல் பெட்டி கிடையாது.

பெட்ரோலை முழுதாக வடித்துவிட வேண்டும் என்பது ரயில்வேயின் முதல் நிபந்தனை. பலருக்கு இது சும்மா ஒரு ஃபார்மாலிட்டியாகத் தெரிகிறது. மதுரைக்காரர்களுக்கு அப்படித் தெரியக்கூடாது.

2023 ஆகஸ்ட் 26 அதிகாலை, மதுரை ரயில் நிலையம் அருகே நிறுத்தி வைக்கப்பட்டிருந்த சுற்றுலாப் பெட்டி ஒன்று தீப்பிடித்து 9 பேர் இறந்தனர். லக்னோவில் இருந்து ஆன்மிகச் சுற்றுலா வந்தவர்கள் அவர்கள். விதியை மீறி உள்ளே கொண்டுவரப்பட்ட கேஸ் சிலிண்டர்தான் காரணம் என்று ரயில்வே சொன்னது. மூடிய பெட்டி, எரியக்கூடிய ஆவி, ஒரு சின்ன நெருப்பு. அவ்வளவுதான் தேவைப்பட்டது.

பெட்ரோலும் அந்த வகையைச் சேர்ந்ததே. மைனஸ் 40 டிகிரி செல்சியஸ் அளவுக் குளிரிலேயே அது பற்றக்கூடிய ஆவியை வெளிவிடும். மதுரையின் சித்திரை வெயிலில் கேட்கவே வேண்டாம். அந்த ஆவி காற்றைவிடக் கனமானது. மேலே போய்க் கலையாமல், மூடிய பார்சல் பெட்டியின் தரையில் தேங்கி நிற்கும்.

1989-ன் ரயில்வே சட்டப் பிரிவுகள் 67, 164 ஆகியவை, ஆபத்தான பொருளை ரயிலில் கையோடு கொண்டுபோகிறவருக்கு மட்டும் பொருந்துபவை அல்ல. அதை அனுப்புவதற்காக ரயில்வேயிடம் ஒப்படைப்பவருக்கும் பொருந்தும். 3 ஆண்டு வரை சிறை, ரூ.1,000 வரை அபராதம், அல்லது இரண்டும். அதனால் ஏற்படும் சேதத்துக்கும் அவரே பொறுப்பு.

வடிப்பதிலும் கவனம் தேவை. பழைய கார்புரேட்டர் வண்டியில் டேப்பில் இருந்து டியூபைக் கழற்றினால் போதும். 2020 ஏப்ரல் 1 முதல் வந்த பி.எஸ்.-6 வண்டிகளில் பெரும்பாலும் ஃப்யூயல் இன்ஜெக்‌ஷன். பம்ப் டேங்குக்கு உள்ளேயே இருக்கும், டேப் இருக்காது. டியூபை வாயால் உறிஞ்சி எடுப்பது மிக ஆபத்து. ஒரு மடக்கு பெட்ரோல் நுரையீரலுக்குப் போனாலே ஆஸ்பத்திரியில் சேர வேண்டியிருக்கும். முந்தைய நாட்களிலேயே பெட்ரோல் போடாமல் ஓட்டிக் குறைத்துவிட்டு, மிச்சத்தை மெக்கானிக் கையால் எடுக்கச் சொல்வதே எளிது. வடித்த பிறகு மூடியைச் சிறிது நேரம் திறந்துவைத்தால் ஆவியும் வெளியேறும்.

ஒரு லட்ச ரூபாய் வண்டி, 6,000 ரூபாய் பொறுப்பு

பார்சல் ஃபார்மில் பலர் காலியாக விடும் கட்டம் ஒன்று உண்டு. பொருளின் மதிப்பு.

மதிப்பை அறிவித்து அதற்கான கூடுதல் சதவீதக் கட்டணத்தைக் கட்டாவிட்டால், பொருள் தொலைந்தாலும் உடைந்தாலும் ரயில்வேயின் பொறுப்புக்கு ஓர் எல்லை இருக்கிறது. பார்சலுக்கு கிலோவுக்கு ரூ.50, லக்கேஜுக்கு கிலோவுக்கு ரூ.100. வண்டி என்ன மாடல், என்ன விலை என்பதெல்லாம் கணக்கில் வராது. எடைதான் கணக்கு.

120 கிலோ பைக்கைப் பார்சலில் அனுப்பினால் அதிகபட்சம் ரூ.6,000. லக்கேஜில் ரூ.12,000. சுமார் 195 கிலோ எடையுள்ள புல்லட் கிளாசிக் 350-க்குப் பார்சலில் ரூ.9,750. அந்தப் பணத்தில் வண்டியின் முன்பக்கத்தைக்கூடச் சரிசெய்ய முடியாமல் போகலாம்.

கவுன்ட்டரில் கூட்டம், ரயிலுக்கு நேரமாச்சு, "வேல்யூ எல்லாம் எதுக்கு சார்" என்று யாராவது சொன்னால் தலையாட்டிவிடுவோம். அந்த ஒரு தலையாட்டலின் விலை, வண்டியின் விலைக்கும் ரூ.6,000-க்கும் உள்ள வித்தியாசம்.

வண்டியைத் திரும்ப எடுக்கும்போதும் அவசரம் கூடாது. சேதம் தெரிந்தால், டெலிவரி எடுத்ததாகக் கையெழுத்துப் போடும் முன் அதைப் பதிவுசெய்யச் சொல்லிக் கேட்க வேண்டும். அனுப்பும் முன் எடுத்த போட்டோக்கள் அப்போது கைகொடுக்கும். நான்கு பக்கமும் ஒன்று, ஓடோமீட்டர் ஒன்று, ஏற்கெனவே உள்ள கீறல்கள் ஒன்று. இழப்பீடு கேட்கும் நோட்டீஸை, பொருளை ஒப்படைத்த நாளில் இருந்து 6 மாதத்துக்குள் ரயில்வேக்குக் கொடுக்க வேண்டும். வண்டி வந்து சேர்ந்த தகவல் கிடைத்ததும் போய் எடுத்துவிட வேண்டும், தாமதித்தால் அதற்குத் தனிக் கட்டணம் ஏறும்.

லாரி, பேக்கர்ஸ், ஆம்னி பஸ்: எது பரவாயில்லை?

லாரி புக்கிங் ஆபீஸில் கொடுத்தாலும் இதே கதைதான். 2007-ன் சாலைவழிச் சரக்குப் போக்குவரத்துச் சட்டமும் அதன் 2011 விதிகளும் பொறுப்புக்கு எல்லை வைத்துள்ளன. கூடுதல் ரிஸ்க் கட்டணம் கட்டாவிட்டால், சரக்குக் கட்டணத்தின் 10 மடங்கு வரைதான் பொறுப்பு. ரூ.3,000 வாடகைக்கு அனுப்பிய வண்டிக்கு ரூ.30,000. இங்கே நோட்டீஸுக்கான காலம், புக்கிங் நாளில் இருந்து 180 நாள். மதிப்பு எழுதிய முறையான ரசீது இல்லையென்றால் இந்தப் பேச்சே எடுபடாது. வாட்ஸ்அப்பில் வந்த கொட்டேஷன் ரசீது ஆகாது.

பேக்கர்ஸ் அண்ட் மூவர்ஸ் பெயரில் நடக்கும் ஏமாற்று வேலை தனி ரகம். தேடலில் மேலே வரும் நம்பர், பிரபல கம்பெனி மாதிரியே ஒரு பெயர், மற்றவர்களைவிடப் பாதி ரேட். வண்டியை ஏற்றிய பிறகு போன் வரும். "இன்னும் 5,000 போடுங்க, அப்பதான் வண்டி நகரும்." தப்பிக்க வழி உண்டு. ஆபீஸ் முகவரிக்கு நேரில் போய்ப் பார்ப்பது, ஜி.எஸ்.டி. எண்ணைச் சரிபார்ப்பது, முழுப் பணத்தையும் முன்கூட்டியே யு.பி.ஐ.யில் அனுப்பாமல் இருப்பது. பணம் போய்விட்டால் சைபர் குற்ற உதவி எண் 1930. சேவைக் குறைபாடு என்றால் நுகர்வோர் உதவி எண் 1915.

ஆம்னி பஸ் டிக்கியில் போடுவது மூன்றிலும் வசதியானது. ராத்திரி ஏற்றினால் காலையில் சென்னை. ஆனால் அந்த டிக்கி இருப்பது படுத்துத் தூங்கும் பயணிகளுக்கு நேர் கீழே. படுக்கவைத்த பைக்கின் டேங்க் மூடி வழியாகப் பெட்ரோல் கசியும். காற்றோட்டம் இல்லாத அறையில் ஆவி சேரும். வெளியே இருந்த ஒரு பைக்கின் பெட்ரோலே கர்னூலில் என்ன செய்தது என்று பார்த்தோம். இதில் கெடுதல் வண்டிக்காரருக்கு மட்டும் இல்லை. மேலே தூங்குகிறவருக்குக் கீழே என்ன இருக்கிறது என்பதே தெரியாது.

சொந்த இன்சூரன்ஸ் கைகொடுக்குமா?

கொடுக்கும், சரியான பாலிசி இருந்தால். டூவீலரின் முழு பாலிசியில், அதாவது சொந்தச் சேதத்தையும் சேர்த்த பாலிசியில், சாலை, ரயில், விமானம் வழியாக வண்டியைக் கொண்டுபோகும்போது ஏற்படும் சேதமும் அடங்கும். பலருக்கும் தெரியாத பயனுள்ள வரி இது.

சிக்கல் எங்கே என்றால், 2018 செப்டம்பர் 1 முதல் புது டூவீலருக்கு 5 ஆண்டு தேர்டு பார்ட்டி கட்டாயம். சொந்தச் சேதத்துக்கான பகுதியோ பெரும்பாலும் முதல் ஆண்டுக்கு மட்டுமே எடுக்கப்படுகிறது. ஷோரூமில் "5 வருஷத்துக்கு இன்சூரன்ஸ் இருக்கு" என்று சொன்னதை நம்பி, இரண்டாம் ஆண்டில் புதுப்பிக்காமல் விட்டவர்கள் ஏராளம். அவர்கள் கையில் இருப்பது அடுத்தவருக்கு நேரும் பாதிப்புக்கான பாலிசி. தங்கள் வண்டி லாரியில் நொறுங்கினால் அதில் ஒரு ரூபாய் வராது. வண்டியை அனுப்பும் முன் பாலிசியைத் திறந்து, சொந்தச் சேதப் பகுதி எந்தத் தேதி வரை என்று பார்ப்பதற்கு இரண்டு நிமிடம் போதும்.

விபத்தில் சிக்கிய வண்டியை மெக்கானிக் ஷாப்புக்குக் கொண்டுபோகும் செலவுக்கு, வழக்கமான டூவீலர் பாலிசி தரும் உச்சவரம்பு ரூ.300. இன்றைக்கு குட்டி யானை வாடகைக்கு அது பத்தாது. ரோடுசைடு அசிஸ்டன்ஸ் என்ற ஆட்-ஆன் அதற்காகத்தான். அடிக்கடி நெடுஞ்சாலையில் போகிறவர்கள் அதை யோசிக்கலாம்.

மின்சார ஸ்கூட்டர் என்றால்?

பெட்ரோல் இல்லை, ஆனால் பேட்டரி இருக்கிறது. மோட்டார் சக்கரத்துக்குள்ளேயே இருக்கும் மாடல்களில், சக்கரம் சுற்றினாலே மோட்டார் மின்சாரம் உற்பத்தி செய்யும். வண்டி ஆஃப் ஆகி இருக்கும்போது வேகமாக இழுத்துக்கொண்டு போனால் அது எலெக்ட்ரானிக்ஸைக் கெடுக்கலாம். எனவே கால் வைத்துத் தள்ளுவதும் கயிறும் இதற்கு அறவே கூடாது, ஏற்றித்தான் கொண்டுபோக வேண்டும். தண்ணீரில் மூழ்கியோ, அடிபட்டோ பேட்டரி சேதமாகி இருந்தால், கம்பெனி சர்வீஸ் சென்டரிடம் கேட்காமல் மூடிய வண்டியில் ஏற்றக்கூடாது. பேட்டரியைக் கழற்ற முடிகிற மாடலை ரயிலில் அனுப்புவதாக இருந்தால், பேட்டரிக்கு என்ன நிபந்தனை என்று பார்சல் ஆபீஸில் முன்பே கேட்டுவிட வேண்டும்.

வண்டி போய்ச் சேர்ந்த பிறகு

இறக்கியதும் ஸ்டார்ட் பண்ணி ஓட்டக் கை துடிக்கும். அதற்கு முன் பார்க்க வேண்டியது: இரண்டு பிரேக்கும் பிடிக்கிறதா, ஹேண்டில் இரண்டு பக்கமும் முழுதாகத் திரும்புகிறதா, டயரில் காற்று இருக்கிறதா, அடியில் ஆயில் ஒழுகுகிறதா. பெட்ரோல் போட்டதும் டேங்க் அடியில் கசிவு இருக்கிறதா என்று ஒரு பார்வை. டியூபைக் கழற்றி மாட்டிய வண்டிகளில் கிளிப் சரியாக உட்காராமல் இருப்பது சகஜம்.

பெங்களூரு, ஹைதராபாத் என்று வேறு மாநிலத்துக்கு வண்டி போனால் இன்னொரு கணக்கும் தொடங்குகிறது. 12 மாதத்துக்கு மேல் அங்கேயே வைத்திருந்தால், மோட்டார் வாகனச் சட்டத்தின் 47-வது பிரிவுப்படி அந்த மாநிலப் பதிவு எண்ணுக்கு விண்ணப்பிக்க வேண்டும். அதற்கு மதுரை ஆர்.டி.ஓ. ஆபீஸின் தடையில்லாச் சான்று தேவை. ரயில் ரசீதை அதுவரை பத்திரமாக வைத்திருந்தால், வண்டி எந்தத் தேதியில் ஊர் மாறியது என்பதற்கு அதுவே ஆதாரம்.